ஃபாலிக்கிளில் ரத்தக்குழாய் எண்ணிக்கை ஓ.கே.சி.யை முந்துகிறது. ஸ்லைடு தப்பா, நான் தப்பா?

கேள்வி (எம்.டி.எஸ்., பல் மருத்துவ மேல்படிப்பு, 2ஆம் வருஷம்):
தீசிஸுக்காக, ரத்தக்குழாய்ச் செல்களைப் பழுப்பாக்கிக் காட்டும் சிடி34 சாயம் போட்டு குழாய்களை எண்ணிக்கொண்டிருக்கிறேன். ஒரு பக்கம் ஓ.கே.சி., அதாவது தாடையில் வரும் கெரட்டோசிஸ்ட். ஒப்பிட, புதைந்த ஞானப்பல்லைப் பிடுங்கும்போது கூடவே வந்த ஃபாலிக்கிள், பல்லைச் சுற்றியிருக்கும் பை. ஓ.கே.சி.யில் சராசரி 22. நேற்று ராத்திரி பார்த்த ஃபாலிக்கிளில் 31! "கட்டியிலதானம்மா கூட வரணும்" என்கிறார் கைடு. பிளாக்கை (திசு பதித்த மெழுகுக் கட்டியை) மறுபடி வெட்டணுமா?

பதில் (சீனியர்):
வெட்டாதே, பிளாக் தீர்ந்துபோகும். முதலில் அதே பிளாக்கின் எச் அண்ட் இ (வழக்கமான சாயம்) ஸ்லைடைப் பார். பாதி முளைத்த பல் என்றால் ஈறு வீங்கி, அழற்சி ஃபாலிக்கிள் வரைக்கும் இறங்கியிருக்கும். அழற்சி இருக்கிற இடத்தில் குழாய் பெருகத்தான் செய்யும். இன்னொன்று, சிடி34 குழாயை மட்டும் பிடிக்காது. இணைப்புத்திசுவில் ஃபைப்ரோபிளாஸ்ட் மாதிரி ஒல்லியான செல்களும் பழுப்பாகும். அவற்றையும் சேர்த்து எண்ணினாயா? 1991இல் நோயியல் நிபுணர் வைட்னர் சொன்ன முறையில் குழாய்க்குள் ஓட்டை தெரியவேண்டியதில்லை, தனியாக நிற்கிற எண்டோதீலியல் செல்லையே (குழாயின் உட்சுவர் செல்) ஒன்றாக எண்ணணும். புதிதாக எண்ணுபவர்கள் சறுக்குவது இங்கேதான்.

கேட்டவர்:
பார்த்தேன் அக்கா. ஓரத்தில் லிம்போசைட் (அழற்சியில் வரும் வெள்ளையணு) குவிந்து கிடக்கிறது, பல்லும் பாதி முளைத்ததுதான். அதைத் தள்ளிவிட்டேன். ஆனால் அழற்சி இல்லாத மற்ற இரண்டு ஃபாலிக்கிளிலும் 17, 19 வருகிறதே? வேலை முடிந்த பைக்கு இத்தனை குழாய் எதுக்கு?

பதில் (கருவியல் பாடம் எடுப்பவர்):
உன் கேள்விக்குப் பதில் பல் முளையிலேயே இருக்கிறது. எனாமலை உண்டாக்கும் எனாமல் ஆர்கனுக்குச் சொந்தமாக ஒரு ரத்தக்குழாயும் கிடையாது. உள்ளே பாப்பில்லா (பின்னால் பல்கூழாகும் திசு), வெளியே ஃபாலிக்கிள், இரண்டும்தான் அதற்குச் சோறு போடுகின்றன. டென்டின் (எனாமலுக்கு அடியில் வரும் பல் திசு) படிய ஆரம்பித்ததும் உள்வழி அடைபடும். உடனே எனாமல் ஆர்கனின் நடுப்பகுதியான ஸ்டெல்லேட் ரெட்டிகுலம் சுருங்கி, வெளிப்பக்கத்துத் தந்துகிகள் எனாமல் போடும் அமெலோபிளாஸ்ட் செல்களுக்குக் கிட்டே வந்துவிடுகின்றன. குழாய்களை வரவழைக்கிற இந்தப் பழக்கம் அந்த எபிதீலியத்தோடு (மேல்படலத் திசுவோடு) பிறந்தது. ஓ.கே.சி.யும் பல் லேமினாவின் (பல் முளை கிளம்பும் எபிதீலியப் பட்டையின்) மிச்சத்திலிருந்து வருவதுதானே? அங்கேயும் எபிதீலியத்துக்குள் குழாய் இருக்காது, அடியில்தான் தேடணும். ஆனால் உன் கையில் இருப்பது வளர்கிற முளை இல்லை. எனாமல் போட்டு முடித்த பல்லின் பை. "பல் வளர்ச்சியில் இப்படி" என்று தீசிஸில் எழுதிவிடாதே.

கைடு சொல்வதற்கும் காரணம் உண்டு. 2005இல் உலக சுகாதார நிறுவனம் ஓ.கே.சி.யைக் கட்டிகளோடு சேர்த்தது, 2017இல் மறுபடி சிஸ்ட் (பை) ஆக்கியது. அவர் படித்த பதிப்பு எதுவோ!

கேட்டவர்:
2005தான் சார். அலமாரியில் பார்த்திருக்கிறேன். சிடி105 என்ற இன்னொரு சாயம் போட்டால் புதுக்குழாய்கள் தனியாகத் தெரியுமா?

பதில் (சீனியர்):
பெரும்பாலும் தெரியும். அந்தச் சாயத்துக்கான ஆன்டிபாடி விலையைக் கேட்டுவிட்டு அப்புறம் ஆசைப்படு. அதுவரை இருக்கிற ஸ்லைடுகளில் பெயரை மறைத்து உன் பேட்ச்மேட்டை எண்ணச் சொல்.