மறு: கலைச்சொல் விவாதம் - பெஞ்ச்மார்க், பெஞ்ச்மார்க்கிங்: ஒரே சொல்லா, மூணு சொல்லா?

எல்லாருக்கும் வணக்கம்.

பெஞ்ச்மார்க்குக்குத் தமிழ்ல என்ன சொல் வைக்கலாம்னு இங்க ஓடுற பேச்சுல இதுவரைக்கும் வந்த சொல்லு எல்லாத்தையும் மறுபடி ஒருதரம் வாசிச்சுட்டுத்தான் எழுதுறேன். அளவுகோல், உரைகல், கட்டளைக்கல், மட்டக்குறி, மேல்வரி, இதுபோக "பெஞ்ச்மார்க்குன்னே விட்டுருங்கப்பா"ன்னு ஒரு கோஷ்டி. எனக்கு இது சும்மா ஆசைக்கு இல்ல, மதுரையில கப்பலூர், கே.புதூர் பக்கம் சின்னச் சின்ன யூனிட் நடத்துறவங்களுக்கு ஒரு கையேடு தமிழ்ல தயாராகுது, பெஞ்ச்மார்க்கிங் டேட்டாவ வச்சு தொழிலை எப்படி மேல கொண்டு போறது, புதுசா என்ன செய்யலாம்ங்கிறதுதான் விஷயம், அட்டையிலயே இந்தச் சொல் வரணும்.

> அளவுகோல்னு பத்திரிகை எல்லாத்துலயும் வருது, அதையே வச்சுக்கலாமே தம்பி

அண்ணே, கோல் எதை வேணும்னாலும் அளக்கும். உங்க பட்டறைய நீங்க மட்டும் தனியா உக்காந்து அளந்தாலும் அது அளவுகோல்தான். பெஞ்ச்மார்க்னா எதிர்ல இன்னொருத்தர் இருந்தே ஆகணும், அவர் நம்மள விட நல்லா செய்யுறவரா இருக்கணும், அவர் எப்படிச் செய்யுறாருன்னு நம்ம தெரிஞ்சுக்கவும் செய்யணும். இந்த மூணுல ஒண்ணுகூட அளவுகோல்ல இல்ல.

செராக்ஸ் கம்பெனி கதைய வச்சுப் பாத்தா இது தெளிவாப் புரியும். 1970கள் கடைசியில ஜப்பான்காரன் காப்பி மெஷினை கடையில விக்கிற விலையும், செராக்ஸ்காரன் அதே மாதிரி ஒண்ணைச் செஞ்சு முடிக்க ஆகுற செலவும் ஏறக்குறைய ஒண்ணா வந்து நின்னுச்சு, அதாவது அவன் லாபம் வச்சு விக்கிற காசுக்கு இவனால செஞ்சுகூட முடிக்க முடியல. 1979ல போட்டி மெஷினை பிரிச்சுப் போட்டு ஒவ்வொரு பார்ட்டா செலவை ஒப்பிட ஆரம்பிச்சாங்க. இதோட நின்னிருந்தா அளவுகோல்னு எழுதிட்டுப் போயிரலாம். ஆனா குடோன்ல ஆர்டரை எடுத்துக் கட்டி அனுப்புற வேலை மந்தமா இருக்குன்னு தெரிஞ்சப்ப அவங்க போய்ப் பாத்தது இன்னொரு காப்பி மெஷின் கம்பெனிய இல்ல. எல்.எல்.பீன்னு அமெரிக்காவுல மெயின் மாநிலத்துல பூட்ஸு, துணிமணி, கூடாரச் சாமான் எல்லாம் தபால்ல விக்கிற கம்பெனி. அங்கயும் கையாலதான் எடுத்துக் கட்டுறாங்க, ஆனா அதிகம் போற சரக்கு ஆள் நடக்குற பாதைக்குக் கிட்டயே இருக்கு, வர்ற ஆர்டரை நாள்பூரா வகை பிரிச்சு விட்டு நடக்குற தூரத்தைக் குறைச்சிருக்காங்க, அதனால வேகம். அந்த வேலையில இருந்த ராபர்ட் கேம்ப் 1989ல இதையெல்லாம் புத்தகமாப் போட்டாரு, அதே வருஷம் செராக்ஸுக்கு, தரத்துக்காக அமெரிக்காவுல கொடுக்குற பால்ட்ரிஜ் விருதும் வந்துச்சு. (நம்ம ஊர்ல செராக்ஸ்னாலே காப்பி எடுக்குறதுன்னு ஆயிருச்சு, பெஞ்ச்மார்க்கிங்னா அடுத்தவனைப் பாத்துக் காப்பியடிக்கிறதுன்னு நினைக்கிறவங்களும் நிறைய. பொருத்தம்தான் போங்க.)

> மூல அர்த்தத்தைப் பாத்தா சர்வே சொல் அது. மட்டக்குறிதான் சரி.

ஐயா சொல்றது வரலாறா சரிதான். சர்வேக்காரங்க கல்லுல படுக்கையா ஒரு வெட்டு வெட்டி அதுல இரும்புப் பட்டையச் சொருகி, அதுமேல அளவுச் சட்டத்தை நிறுத்துவாங்க, அந்தத் தாங்கிதான் பெஞ்ச், கல்லுல இருக்குறது மார்க். வெள்ளைக்கார சர்வே அதிகாரி லாம்டன் 1802ல பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு அளந்து ஆரம்பிச்ச காலத்துல இருந்து அந்த வேலை நம்ம நாட்டுக்குப் பழக்கம், மதுரை ஜங்ஷன் மஞ்சப் போர்டுல கடல் மட்டத்துக்கு இம்புட்டு உயரம்னு போட்டிருக்குறதும் அந்த வகையறாதான். சர்வேக்கு மட்டக்குறின்னே இருக்கட்டும், அருமையான சொல். ஆனா தொழில்காரர் கிட்டப் போய் "உங்க மட்டக்குறி என்ன"ன்னு கேட்டா, மட்டமான சரக்குன்னு சொல்றோம்னு நினைச்சு சட்டையப் பிடிச்சிருவாரு. கொத்தனார் வாயில மட்டம்னா நேரு, மத்தவங்க வாயில மட்டம்னா தரம் கம்மி, இதை நம்மால மாத்த முடியாது.

அடுத்தது தங்கம். கட்டளைக்கல்லுக்குக் குறள் 505 சாட்சி இருக்கு, பெருமைக்கும் சிறுமைக்கும் அவங்கவங்க செய்யுற வேலைதான் கட்டளைக்கல்னு வள்ளுவர் சொல்லிட்டாரு, அதனால சொல்லுக்குக் கௌரவத்துல குறைச்சல் இல்ல. ஆனா பழைய ஆசாரி முறைய யோசிச்சுப் பாருங்க, கல்லுல நகைய மட்டும் உரசினா மாத்துத் தெரியாது, மாத்து ஏற்கெனவே தெரிஞ்ச பொன்னுல செஞ்ச உரையாணி ஒண்ணையும் பக்கத்துல உரசி ரெண்டு கோட்டையும் சேத்துப் பாக்கணும். அப்ப உண்மையிலயே பெஞ்ச்மார்க் எது, கல்லா ஆணியா? ஆணிதான். ஆணிப்பொன், ஆணிமுத்துன்னு உசத்திக்குச் சொல்ற வழக்கமும் இருக்கு. ரெண்டு மூணு நாளா இந்தச் சொல்லு மேல எனக்கு ஒரு கிறுக்கே பிடிச்சுப் போச்சு. ஆனா ட்ரெய்னிங்ல எந்திரிச்சு "உங்க ஆணி எது"ன்னு கேட்டா நம்மூரு வைகைப்புயல் ஞாபகம் வந்து, பிடுங்கவே வேணாம்ணேன்னு மொத்த ஹாலும் சிரிச்சுரும். அதனால மனசில்லாம கைவிடுறேன்.

கல்லு கம்ப்யூட்டருக்குச் சரியாப் பொருந்துது. அங்க பெஞ்ச்மார்க்னா எல்லா மெஷின்லயும் ஒரே சோதனை நிரலை ஓட்டி நேரம் பாக்குறது, 1970கள்ல வெட்ஸ்டோன், 1984ல டிரைஸ்டோன்னு பேர்லயே கல்லை வச்சுக்கிட்டுத்தான் வந்துச்சு. அதுக்கு உரைகல் நிரல்னு வச்சிருவோம், யாருக்கும் சண்டை வராது.

மேல்வரி சொன்னவருக்குத் தனியா ஒரு கும்பிடு. வாத்தியார் மேல ஒரு வரி எழுதிக் கொடுக்க, பிள்ளை கீழ அதைப் பாத்து எழுதுற மேல்வரிச்சட்டம், அதுல பாத்துக் கத்துக்கிறது உள்ளயே இருக்கு, அர்த்தத்துல இதை அடிச்சுக்க ஆளில்ல. ஆனா இந்த ஜிஎஸ்டி காலத்துல வியாபாரிகிட்ட மேல்வரின்னு சொல்லிப் பாருங்க, ஷட்டரை இறக்கிட்டுப் போயிருவாரு.

என் முன்மொழிவு இதுதான். ஒரே சொல்லைத் தேடாம விடுவோம். சர்வேக்கு மட்டக்குறி. கம்ப்யூட்டருக்கு உரைகல். தொழிலுக்கு, எண்ணா வர்ற பெஞ்ச்மார்க் ஒப்பளவு, அந்த டேட்டா ஒப்பளவுத் தரவு, பெஞ்ச்மார்க்கிங் வேலை முழுசும் ஒப்பளவாய்வு.

எண்ணுக்கும் வேலைக்கும் ஏன் தனித்தனிச் சொல்னு கேப்பீங்க. சிந்தாமணி, வில்லாபுரம் பக்கம் அப்பளம் போடுற யூனிட் ரெண்டை எடுத்துக்குவோம். ஒருத்தர் உடைசல் நூத்துக்கு நாலுங்கிறாரு, இன்னொருத்தர் எட்டுங்கிறாரு. (எண்ணு உதாரணத்துக்குத்தான்.) நாலுகாரர் கெட்டிக்காரர்னு முடிவு கட்டிரலாமா? அவர் பாக்கெட் போடுறப்ப உடையுறதை மட்டும் கணக்கு வைக்கிறாரு, எட்டுகாரர் களத்துல காயப்போட்டு அள்ளுறப்ப உடையுறதையும் சேத்துக்கிறாரு. எதை உடைசல்னு எண்ணுறோம், எந்த இடத்துல எண்ணுறோம், மழை மாசமா வெயில் மாசமா, கிலோவுக்கா எண்ணிக்கைக்கா, இதெல்லாம் ஒரே மாதிரி வரையறுத்துக்கிட்டு அப்புறம் அளந்தாத்தான் அது ஒப்பளவு. இந்த வரையறை வேலையிலதான் பாதி நாள் போகும், அதை விட்டுட்டு ரெண்டு எக்செல் ஷீட்டை ஒட்டி வச்சு கலர் கலரா சார்ட் போடுறதுல ஒரு புண்ணியமும் இல்ல.

இன்னொண்ணு, எல்லாரோட சராசரியோட ஒப்பிடாதீங்க. சராசரிக்கு வந்துட்டோம்னா போதும்னு நின்னுருவோம். எல்லாரையும் வரிசையா நிறுத்தினா நடுவுல வர்ற இடைநிலை எங்க இருக்கு, மேல் காவாசி தொடங்குற மேல் கால்மானம் எங்க ஆரம்பிக்குதுன்னு பாத்து, மேல இருக்குற காவாசிப் பேர் அப்படி என்ன வித்தியாசமாச் செய்யுறாங்கன்னு போய் விசாரிக்கணும். தரவு "இங்க ஒரு இடைவெளி இருக்கு"ன்னு காட்டும், காரணத்தைச் சொல்லாது. காரணம் களத்துல இருக்கு, மாவு பிசையுற பக்குவத்துல, காய வைக்கிற தட்டுல, கூலிய எண்ணிக்கைக்குக் கொடுக்குறாங்களா நல்லா வந்ததுக்குக் கொடுக்குறாங்களாங்கிறதுல.

சரி, போட்டிக்காரன் எப்படித்தான் கணக்கைக் காட்டுவான்னு போன வாரம் ஒருத்தர் கேட்டிருந்தாரு. நேரா காட்ட மாட்டான். நடுவுல சங்கமோ வேற ஒரு பொது ஆளோ இருந்து, பேரை எடுத்துட்டு எண்ணை மட்டும் வாங்கி, ஒவ்வொருத்தருக்கும் "நீங்க இந்த வரிசையில இந்த இடத்துல நிக்கிறீங்க"ன்னு திருப்பிக் கொடுக்குறதுதான் வழி. கையேட்டுல கொட்டை எழுத்துல போட வேண்டியது ஒண்ணு இருக்கு: விலையப் பத்திப் பேசவே கூடாது. உடைசல், கரண்ட் செலவு, டெலிவரி நாள் இதெல்லாம் பேசலாம், ஆனா நாளைக்கு என்ன விலைக்கு விக்கப் போறோம்னு போட்டியாளருங்க உக்காந்து பகிர்ந்து பேசி வச்சுக்கிட்டா அது 2002 போட்டிச் சட்டத்துல போய் மாட்டும்.

புதுமைக்கு வர்றேன், அதுவும் கையேட்டு விஷயத்துல இருக்கே. அப்பளக்காரர் அப்பளக்காரரையே பாத்துக்கிட்டிருந்தா எல்லாரும் ஒரே மாதிரி ஆவாங்க, அம்புட்டுத்தான். புதுசு பெரும்பாலும் வேற தொழில்ல இருந்துதான் வருது. ஃபோர்டு 1913ல கார் நகர நகரப் பூட்டுற வரிசைய ஓட்டினாரே, அந்த யோசனை சிகாகோ கறிக்கூடத்துல தலைக்கு மேல சங்கிலியில மாட்டின உடம்பு ஆள்கிட்ட நகர்ந்து நகர்ந்து வர்றதுல இருந்து வந்துச்சு. அம்புட்டு தூரம் எதுக்கு, நம்ம அண்ணாநகர் அரவிந்த் கண்ணாஸ்பத்திரியையே எடுத்துக்கங்க. டாக்டர் வெங்கடசாமி 1976ல ரிட்டயர் ஆன பிறகு 11 படுக்கையோட ஆரம்பிச்சாரு, அவர் ஒப்பிட்டுப் பாத்தது இன்னொரு கண்ணாஸ்பத்திரிய மட்டும் இல்ல, மெக்டொனால்ட்ஸை. எந்த ஊர்ல போனாலும் ஒரே தரத்துல, அம்புட்டு கூட்டத்துக்கும் எப்படிக் கொடுக்குறாங்கங்கிறது அவர் மண்டைய அரிச்சிருக்கு. ஒரு டேபிள்ல ஆபரேஷன் நடக்குறப்பவே பக்கத்து டேபிள்ல அடுத்தவங்களைத் தயாரா வச்சிருக்குறது, டாக்டர் செய்ய வேண்டியதை மட்டும் டாக்டர் செய்ய மிச்சத்தைப் பழக்கின பிள்ளைங்க பாத்துக்கிறது, எல்லாம் அந்த யோசிப்புலதான் வருது. வெளிநாட்டு லென்ஸ் விலை கட்டுபடியாகலன்னு 1992ல ஆரோலேப் ஆரம்பிச்சு இங்கயே செஞ்சாங்க. அதே 1992ல லைக்கோன்னு ஒரு பயிற்சி நிறுவனத்தையும் ஆரம்பிச்சு, மத்த கண்ணாஸ்பத்திரிக்காரங்க வந்து எப்படி நடத்துறதுன்னு கத்துக்கிட்டுப் போறாங்க, அதாவது நம்ம மதுரை இப்ப மத்தவங்களுக்கு ஒப்பளவு. கையேட்டுல செராக்ஸை நாலு வரியில முடிச்சுட்டு இதுக்கு ஒரு அத்தியாயமே கொடுக்கலாம்ங்கிறது என் கட்சி.

ஒப்பளவு, ஒப்பளவாய்வு. வெட்டுறவங்க வெட்டலாம்.

* * *

தம்பி, நல்லா விரிவா எழுதியிருக்கீங்க. ஒப்பளவு எனக்குப் பிடிச்சிருக்கு, வாய்ல நிக்கிது. ஆனா அந்த ஆய்வு வேணாம்ப்பா.

நான் யூனிட்டுகளுக்கு கணக்கு எழுதிக் கொடுக்குறவ, அங்கிட்டு இங்கிட்டு போய்ப் பேசுறதால சொல்றேன். பேப்பர்ல தெனமும் "கலெக்டர் ஆய்வு", "உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் திடீர் ஆய்வு"ன்னுதானே வருது, ஆய்வுன்ன உடனே அவங்களுக்கு ரெய்டுதான் ஞாபகம் வரும். ஒப்பளவாய்வுக்கு விவரம் கொடுங்கன்னு ஃபார்மை நீட்டினா உடைசலே இல்லைம்பாங்க, எல்லாம் சைபர்னு நிரப்பிக் கொடுத்துருவாங்க, உங்க தரவு மொத்தமும் பொய்யாப் போகும். இன்னொரு பக்கம் காலேஜ் பிள்ளைங்க புராஜெக்ட்டுக்கு வந்துருக்காங்கன்னு நினைச்சு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிருவாங்க.

அளவு இருக்குறப்ப அளத்தல் இருக்குல்ல, அதுலயே வினையாச் சொல்லிட்டா என்ன? ஒப்பளத்தல். "வாங்க, ஒப்பளந்து பாப்போம்"னு பேச்சுலயும் வரும். உங்க சொல்லுக்கு வினை வடிவம் இல்லாததுதான் எனக்கு உறுத்துச்சு, பெயரா மட்டும் நிக்கிற சொல்ல யாரும் பேச மாட்டாங்க.

* * *

அக்கா, சைபர்னு நிரப்புற விஷயம் நான் யோசிக்காத கோணம், அது ஒண்ணே போதும் ஆய்வைத் தூக்க. ஒப்பளத்தல்னே வச்சுக்கிறேன். ஒப்பளந்தோம், ஒப்பளக்கணும், ஒப்பளக்காத யூனிட்டு, எல்லாம் சரளமா வருது, இலக்கணத்துலயும் முட்டல.

ஒரே ஒரு கவலை. அளத்தல்னு மட்டும் நின்னா நான் பயந்த மாதிரி எண்ணோட நின்னுருவாங்க, போய்ப் பாக்குற வேலை விட்டுப் போயிரும். அதனால ரெண்டு அடைமொழி சேக்கலாம்: எண்ணை மட்டும் பக்கத்துல வச்சுப் பாக்குறது அளவு ஒப்பளத்தல், எப்படிச் செய்யுறாங்கன்னு பாத்துட்டு வர்றது செய்முறை ஒப்பளத்தல். மேலாண்மைக்காரங்களும் இந்த ரெண்டையும் பிரிச்சுத்தான் பேசுறாங்க. கம்பெனிக்குள்ளயே ரெண்டு ஷிப்டைப் பாத்தா உள் ஒப்பளத்தல், போட்டியாளரைப் பாத்தா போட்டி ஒப்பளத்தல், மெக்டொனால்ட்ஸ் கேசு பிறதுறை ஒப்பளத்தல்.

ஒப்பளவைன்னு வச்சா நில அளவை மாதிரி கம்பீரமா இருக்குமேன்னு தனி மடல்ல ஒரு ஐயா கேட்டிருக்காரு. தர்க்கத்துல அளவைன்னா பிரமாணம், அதாவது ஒண்ணை உண்மைன்னு அறியுற வழி, அதுல ஒப்பிட்டு அறியுற உவம அளவையோட போய்க் குழம்பும், வேணாம்ங்கய்யா.

கையேட்டு வரைவுல இதையே ஏத்திக்கிட்டிருக்கேன். அட்டைத் தலைப்பு இப்போதைக்கு "ஒப்பளந்து பாப்போம், தொழிலை உசத்துவோம்", ரொம்ப கட்சி மாநாடு மாதிரி இருந்தா சொல்லுங்க. அடுத்த அத்தியாயத்துக்கு "பெஸ்ட் பிராக்டிஸ்" வேணும், சிறந்த நடைமுறைன்னு எழுதினா அரசாணை வாடை அடிக்குது. சனிக்கிழமைக்குள்ள யாராவது ஒண்ணு எடுத்து விடுங்க, அதுக்கு மேல டிடிபிக்காரர் பொறுக்க மாட்டாரு.