கல்லூரி நீச்சல் முடிந்துவிட்டது, இனி என்ன?

குடமுருட்டிக்கரை:
வணக்கம். திருவையாறு பக்கம் ஊர். அப்பா என் முதுகில் காலி டின்னைக் கட்டிக் குடமுருட்டியில் இறக்கிவிட்டுப் பழக்கினார். அப்புறம் திருச்சியில் கல்லூரி, ஐந்து வருஷம் விடிவதற்கு முன்னாலேயே குளத்தில் இருப்பேன். 200 மீட்டர் ஃப்ரீஸ்டைல். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்கு மூன்று முறை போனேன், ஒரே ஒரு தடவை ஃபைனல், எட்டுப் பேரில் ஆறாவது. ஏப்ரலில் படிப்பு முடிந்து ஊருக்கு வந்தாச்சு. இன்னமும் நாலரைக்கு விழிப்பு வந்துவிடுகிறது, எழுந்து திண்ணையில் உட்கார்ந்திருக்கிறேன். பசி மட்டும் பழைய மாதிரியே, ஏழு கிலோ கூடிவிட்டது. சடை பின்னக் கையைத் தூக்கினால் வலது தோளில் சுருக்கென்கிறது. வீட்டில் பேங்க் பரீட்சைக்குப் படிக்கச் சொல்கிறார்கள், படிக்கிறேன். ஆனால் ஐந்து வருஷம் செய்தது எங்கே போனது என்று இருக்கிறது. நீச்சலை விட்டவர்கள் அப்புறம் என்ன செய்தீர்கள்?

பழைய பட்டர்ஃபிளை:
தங்கச்சி, முதலில் ஒரு காரியம். மத்திய அரசு வேலைகளில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு, பல்கலைக்கழக அணியில் ஆடியவர்களுக்கான சான்று படிவம் 3. பல்கலைக்கழக விளையாட்டுத் துறைத் தலைவர் கையெழுத்துப் போட வேண்டும். உன்னைத் தெரிந்தவர்கள் அங்கே இருக்கும்போதே போய் வாங்கிவிடு. நான் நாலு வருஷம் கழித்துப் போனேன், கோச் மாறிவிட்டார், பழைய பதிவேட்டைத் தேடி எடுக்கவே ஆறு மாதம் ஆனது, அதற்குள் ஒரு அறிவிப்பு கைவிட்டுப் போய்விட்டது. மாநில அரசிலும் 3 சதவீதம் இருக்கிறது. பதக்கம் இருந்தால் பலம் அதிகம்தான், அதற்காக விண்ணப்பிக்காமல் இருந்துவிடாதே.

ஈரோட்டுக் குற்றாலீஸ்வரன் பள்ளிப் பையனாக 1994-ல் ஆங்கிலக் கால்வாயை நீந்தினார், 1996-ல் அர்ஜுனா விருது வாங்கினார். அவரே பின்னால் இன்ஜினியரிங் படித்து வேறு வேலைக்குத்தான் போனார். நீ பேங்க் பரீட்சைக்குப் படிப்பதில் எந்தக் குறைச்சலும் இல்லை.

கொள்ளிடம் டீச்சர்:
பாப்பா, நானும் கல்லூரியில் நீந்தினவள்தான், இப்போது பள்ளிக்கூட வேலை. முதல் இரண்டு வருஷம் தண்ணீர்ப் பக்கமே போகவில்லை. அப்புறம் ஒரு ஆடிப்பெருக்கு அன்று எங்கள் தெருப் பையன் ஒருவன் கொள்ளிடத்தில் போய்விட்டான். முழங்கால் தண்ணீரில்தான் நின்றிருக்கிறான், அடுத்த அடி மணல் அள்ளின பள்ளம். தண்ணீர் நிரம்பிவிட்டால் பள்ளம் எது, திட்டு எது என்று மேலே இருந்து தெரியாது. ஐந்து வருஷம் நீந்தக் கற்றவள் அந்தத் தெருவிலேயே இருந்திருக்கிறேன், ஒரு பிள்ளைக்கும் சொல்லித்தரவில்லை என்பது என்னை இன்றைக்கும் விடவில்லை.

அதற்கடுத்த கோடையிலிருந்து ஊர்க் குளத்தில் பிள்ளைகளுக்குப் பழக்குகிறேன். ஸ்ட்ரோக் எல்லாம் கடைசியில்தான். முதல் வாரம் முழுக்க மல்லாந்து மிதப்பது மட்டும், உடுத்தின பாவாடை சுடிதாரோடு, ஏனென்றால் விழும்போது யாரும் நீச்சலுடையில் விழப்போவதில்லை. ஆற்றில் இழுப்பு இருந்தால் எதிர்த்து நீந்தாமல் தண்ணீர் போகிற போக்கிலேயே சாய்வாகக் கரை ஏற வேண்டும். இது எனக்கே குளத்துப் பழக்கத்தில் மறந்திருந்தது. ஒருவன் தத்தளித்தால் குதிக்காதே, மூடி போட்ட காலி கேனையோ பிளாஸ்டிக் குடத்தையோ கயிற்றில் கட்டி வீசு என்று ஒவ்வொரு பிள்ளையையும் வீசவைத்துப் பார்ப்பேன்.

இதையே தொழிலாக்க நினைத்தால் பஞ்சாப் பாட்டியாலாவில் என்.ஐ.எஸ். (தேசிய விளையாட்டு நிறுவனம்) நடத்தும் ஆறு வாரச் சான்றிதழ்ப் படிப்பு இருக்கிறது. போட்டி ஆசை விடவில்லையென்றால் வயதுவாரியாகப் பெரியவர்களுக்கு நடக்கும் மாஸ்டர்ஸ் பிரிவு 25 வயதிலிருந்து.

தஞ்சை பிசியோ:
தோளைத் தள்ளிப்போடாதீர்கள். நீச்சல்காரர்களுக்கு முன்பக்கத் தசை இறுகி, தோள்பட்டைக்குப் பின்னால் தளர்ந்திருக்கும். நேரில் காட்டிவிட்டு ரப்பர் பேண்டைப் பின்னால் இழுக்கும் பயிற்சியைத் தொடங்குங்கள். சாப்பாட்டை ஒரேயடியாக வெட்ட வேண்டாம், காலை நடையையாவது வைத்துக்கொள்ளுங்கள்.

குடமுருட்டிக்கரை:
நன்றி அண்ணன், திங்கட்கிழமை திருச்சி போகிறேன், சான்றிதழ் எல்லாம் எடுத்து வைத்துவிட்டேன். டீச்சர் அக்கா, நீங்கள் எழுதினதை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன், எதிர்வீட்டு இரண்டு பெண்பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறாள். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் எங்கள் ஆற்றுக்குத் தண்ணீர் வர அதிக நாள் ஆகாது, அதற்கு முன்னால் குளத்திலேயே மிதக்கப் பழக்கிவிட வேண்டும். ஒரு சந்தேகம்: பிள்ளை பயந்து கழுத்தைக் கட்டிக்கொண்டால் என்ன செய்வீர்கள்?

கொள்ளிடம் டீச்சர்:
முதல் நாள் இடுப்பளவுக்கு மேலே கூட்டிப்போகவே போகாதே, கட்டிக்கொண்டாலும் உன் கால் தரையில் இருக்கும். அதோடு, ஒரு நேரத்துக்கு ஒரு பிள்ளைதான். மற்றது படித்துறையில் உட்காரட்டும், அம்மா பக்கத்திலேயே இருக்கட்டும்.