ஊருக்குப் போகும்போது உடம்பை எப்படிப் பார்த்துக்கொள்கிறீர்கள்? செட்டிநாட்டுப் பக்க அனுபவங்கள்

தேவகோட்டைப் பேத்தி:

எனக்குச் சர்க்கரை வந்து பல வருடம் ஆகிறது, இன்சுலினும் போடுகிறேன். சென்னை வீட்டில் இருக்கும்வரை சிரமம் தெரிவதில்லை. காலை நடை, விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பது, ஊசி, அரை மணியில் இட்லி, ராத்திரி படுக்கும் முன் பாதத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு எண்ணெய் தடவுவது என்று அதுபாட்டுக்கு நடக்கும். எழும்பூரில் பல்லவன் ரயில் ஏறிக் காரைக்குடியில் இறங்கிவிட்டால் நேரம் நம் கையில் இல்லை. கல்யாணம், சாந்தி (அறுபது, எண்பது நிறைவு விழா), படைப்பு (முன்னோருக்குப் படைத்துக் கும்பிடுவது) என்று எதற்குப் போனாலும் அந்த வீட்டு நேரம்தான் நமக்கும் நேரம். ஊருக்கு வந்து போகிற மற்றவர்கள் இதை எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ளத்தான் எழுதுகிறேன். முதலில் என் அனுபவத்தைச் சொல்லிவிடுகிறேன்.

போன வைகாசியில் தேவகோட்டையில் ஒரு கல்யாணம், ஆத்தா வழியில் நெருங்கின சொந்தம். கிளம்பும் முன்பே கல்யாண வீட்டு ஆச்சிக்கு போன் போட்டேன். "ஆச்சி, காலையில எட்டு மணிக்கு எனக்குச் சாப்பாடு வேணும், முகூர்த்தம் முடியட்டும்னு காத்திருக்க முடியாது, ஊசி போட்டா அரை மணிக்குள்ள சாப்பிட்டாகணும்" என்றேன். விருந்தாளியாகப் போகிறவள் இப்படி நேரம் குறித்துக் கேட்கலாமா என்று மனசு கொஞ்சம் அடித்துக்கொண்டதுதான். ஆச்சி கேட்டதோ, "இட்லியா, இடியாப்பமா? காபிக்குச் சீனி வேண்டாம்தானே?" அவ்வளவுதான்.

கல்யாணத்தன்று வளவு (நடுமுற்றமும் அதைச் சுற்றின இடமும்) நிறையக் கூட்டம், நாதஸ்வரம், போட்டோக்காரர்கள். வளவுக்குப் பின்னால் இரண்டாம் கட்டுப் பகுதியில் ஓர் ஓரமாக எனக்கு மட்டும் இலை போட்டிருந்தார்கள். நான் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்ததும் ஒரு பெரியவர் வந்து தயங்கித் தயங்கி நின்றார். "ஆத்தா, நானும் ஊசி போட்டுட்டேன், முதல் பந்திக்கு இன்னும் நேரமாகும் போலருக்கு" என்றார். அவருக்கும் இலை போட்டோம். அவரைப் பார்த்து இன்னொரு ஆச்சி வந்தார். கடைசியில் அந்த ஓரத்தில் ஒரு சின்னப் பந்தியே நடந்தது. அவ்வளவு பேரும் யாரிடமும் சொல்லாமல் பசியைப் பொறுத்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள் என்பதை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது. ஊசி போட்டபின் சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கிவிடும், கை நடுங்கும், வியர்க்கும், பேச்சுக் குழறும், கல்யாணக் களைப்பு என்று பக்கத்தில் இருப்பவர்கள் விட்டுவிடுவார்கள். அதனால் முந்தானையில் ஒரு சின்னப் பொட்டலம் குளுக்கோஸ் எப்போதும் முடிந்திருப்பேன். அப்படி இறங்கினால் மூன்று நான்கு தேக்கரண்டி குளுக்கோஸோ சீனியோ தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, பதினைந்து நிமிடம் கழித்துத் திரும்ப அளந்து பார்க்க வேண்டும். இனிப்பு இருக்கிறதே என்று கல்யாணப் பலகாரத்தை எடுக்காதீர்கள். நெய்யும் எண்ணெயும் சேர்ந்தது ரத்தத்தில் ஏற நேரம் பிடிக்கும்.

அப்புறம் இன்சுலினை வைக்கும் இடம். பிரிக்காத மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், பயன்பாட்டில் இருக்கும் இன்சுலின் ஊசிப் பேனா 30 டிகிரிக்குள் ஏறக்குறைய நாலு வாரம் தாங்கும் (மருந்துக்கு மருந்து மாறும், அட்டையில் பாருங்கள்). சித்திரை வைகாசியில் நம் பக்கத்து வெயிலுக்கு 30 எங்கே கிடைக்கும்? கல்யாண வீட்டு பிரிட்ஜில் பால், பூ, வெற்றிலைக்கே இடம் போதாது, அவசரத்தில் யாராவது நம் பொட்டலத்தை ஐஸ் அறைக்குள் தள்ளிவிட்டால் மருந்து உறைந்து வீணாகிவிடும், உருகினபிறகும் அதைப் போடக் கூடாது. நான் செய்வது இதுதான்: ஒரு மண்சட்டிக்குள் சின்ன மண்கலயம், நடுவில் ஈர மணல், மேலே ஈரத்துணி, காற்றோட்டமான நிழல். பேனாவை பாலித்தீன் பையில் சுற்றிக் கலயத்துக்குள் வைத்துவிட்டு, துணி காயக் காயத் தண்ணீர் தெளித்தால் போதும். பழைய வீட்டில் பட்டாலை (உயர்ந்த திண்ணைக் கூடம்) ஓரம் இதற்கு நல்ல இடம். கார் டிக்கியில் மட்டும் மருந்துப் பையை விட்டுவிடாதீர்கள்.

குன்றக்குடி நடைக்காரர்:

அக்கா, நீங்கள் போன் போட்டுச் சொன்னதைப் படித்ததும் எங்கள் பாதயாத்திரைதான் ஞாபகம் வந்தது. தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்குக் காவடிகளோடு நடக்கிறோம், சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் என்று சுமார் 150 கிலோமீட்டர். பனியில் விடியும் முன் கிளம்பி வெயில் ஏறுமுன் தங்கல் சேர்ந்துவிடுவது வழக்கம். நடக்கிறவர்கள் எல்லோரும் மனசைப் பற்றித்தான் பேசுவார்கள். நான் காலைப் பற்றிப் பேசுகிறேன்.

எங்கள் குழுவில் ஒரு ஏற்பாடு. இரண்டிரண்டு பேராகச் சேர்ந்துகொள்வோம். தங்கலுக்கு வந்து கால் கழுவித் துடைத்ததும் ஒருவர் காலை மற்றவர் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும், குதிகால், விரலிடுக்கு, நகத்தோரம் எல்லாம். ஒரு வருடம் எனக்கு ஜோடியாக வந்தவர் ஓய்வு பெற்ற வாத்தியார், சர்க்கரைக்காரர், என்னைவிட நன்றாக நடப்பார். சமுத்திராபட்டிப் பக்கம் தங்கியிருந்த ராத்திரி அவர் பாதத்தைப் பார்க்கிறேன், நடுப்பாதத்தில் கருப்பாக ஒரு புள்ளி. தொட்டால் கெட்டியாக இருக்கிறது. சீமைக்கருவேல முள், உள்ளே ஒடிந்து நிற்கிறது. "சார், வலிக்கலையா?" என்றேன். "எங்கே?" என்று என்னையே கேட்டார். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. உணர்ச்சி குறைந்த கால் அது, முள்ளும் தெரியாது, சூடும் தெரியாது. வாத்தியாருக்கு மறுநாள் நடக்க வேண்டும் என்பதுதான் கவலை, ஊசியை எடுத்து நீயே எடுத்துவிடு தம்பி என்கிறார். நாங்கள் தொடவே இல்லை. காலையில் நத்தத்தில் டாக்டரிடம் காட்டி, முள்ளை எடுத்து, டெட்டனஸ் ஊசி போட்டு, சாமான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனோம். வண்டியில் வந்தால் யாத்திரை ஆகாதே என்று கண்கலங்கினார். குழுவில் மூத்தவர், "காவடியும் ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாறித்தானே வருது, நீங்க நடக்க வேண்டியதை நாங்க நடக்கிறோம், வாங்க" என்றார். பழனியில் எங்களோடுதான் மலை ஏறினார், செருப்போடு அடிவாரம் வரை வந்து, அதற்கப்புறம் தடித்த காலுறை போட்டுக்கொண்டு.

சர்க்கரை உள்ளவர்கள் வெறுங்காலில் நெடுந்தூரம் நடப்பதை நான் ஆதரிக்கவே மாட்டேன், வேண்டுதல் இருந்தாலும் சரி. முருகன் காலைக் கேட்கவில்லை. பிள்ளையார்பட்டி, வைரவன்பட்டி என்று நகரத்தாரின் ஒன்பது நகரக் கோயிலும் ஒரே நாளில் பார்க்கக் கார் எடுத்து வருகிறவர்களுக்கும் இதைச் சொல்கிறேன், மத்தியானம் கல்தளத்தில் கால் வைக்காதீர்கள். நமக்குச் சுரீர் என்றால் துள்ளிக் குதிப்போம், சர்க்கரைக்காரர்களுக்குத் தெரியாமலே கொப்புளம் போட்டுவிடும். காலை நடை திறந்ததும் போய்விடுவது நல்லது.

மற்றவர்களுக்குக் கொப்புளம் வந்தால்: சின்னதைத் தொடாதீர்கள், மேலே பஞ்சுத்துணி வைத்துக் கட்டினால் போதும். நடக்கவே முடியாத அளவுக்குப் பெரியது என்றால் சுத்தம் செய்த ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை மட்டும் வடிய விட வேண்டும், தோலை உரிக்கக் கூடாது. கிளம்பும் முன் குதிகாலிலும் விரலிடுக்கிலும் வாசலின் தடவினால் உராய்வு குறையும். வழியெல்லாம் காபியும் சுண்டலும் ஆரஞ்சுமாகக் கொடுப்பார்கள், அன்போடு கொடுப்பதை வேண்டாம் என்று சொல்ல மனசு வராது. ஆனால் காபி தண்ணீர் ஆகாது. ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு ஓஆர்எஸ் (உப்புச் சர்க்கரைத் தூள்) பாக்கெட் கரைத்த பாட்டில் தோளில் தொங்க வேண்டும்.

கரண்டிக்காரர், காரைக்குடி:

நான் கல்யாண வீட்டுக்கு மறுபக்கத்திலிருந்து எழுதுகிறேன். சமையல் வேலை. கோயம்புத்தூர், பெங்களூர் என்று ஆட்களோடு வேனில் போய்க்கொண்டே இருப்போம். நீங்கள் எட்டு மணிக்குச் சாப்பிடும் இட்லிக்கு நாங்கள் ராத்திரி ரெண்டு மணிக்கு அடுப்புப் பற்ற வைக்கிறோம், மதியப் பந்தி முடிந்து பாத்திரம் ஏறும்வரை நின்ற கால்தான். எங்கள் தொழிலில் முதலில் போவது முழங்கால், அடுத்தது நரம்பு சுருட்டல், அதற்கப்புறம் விரலிடுக்கில் சேற்றுப்புண். தரை எப்போதும் ஈரம் அல்லவா.

என் குரு ஒருவர் இருந்தார், காலில் நரம்பு புடைத்துப் புண் ஆகி ஆறாமலே கடைசி வரை கஷ்டப்பட்டார். அவரைப் பார்த்ததிலிருந்து அச்சாரம் வாங்கும்போதே அரிசி, பருப்பு, காய்கறிக் கணக்கோடு இதையும் சொல்லிவிடுகிறேன்: ஆட்கள் படுக்க மின்விசிறியோடு ஒரு அறை வேண்டும், பந்தலில் படுக்க மாட்டோம். சிலர் முகம் சுளிப்பார்கள். ஒரு வீட்டில் அந்த அப்பச்சி எழுந்துபோய்த் தானே பாய் தலையணை எடுத்துவந்து போட்டார், "உங்க தூக்கம் கெட்டா எங்க சாம்பார் கெடும்" என்று சொல்லிக்கொண்டே. அந்த வீட்டுக்கு எப்போது கூப்பிட்டாலும் போவேன்.

எங்கள் தூக்கம் இரண்டு துண்டாகத்தான் கிடைக்கும். பந்தி முடிந்து மதியம் ஒன்று, ராத்திரி ஒன்பதுக்கு ஒன்று. மதியத் தூக்கத்தில் காலுக்குக் கீழே அரிசிச் சாக்கை மடித்து வைத்து உயரமாக வைத்துக்கொண்டு படுப்போம், நெஞ்சைவிடக் கால் மேலே இருந்தால் வீக்கம் வடியும். வேலை முடிந்ததும் விரலிடுக்கைத் துடைத்து ஈரம் இல்லாமல் வைப்பது எல்லா ஆட்களுக்கும் கட்டாயம், மருந்து பூசுவதெல்லாம் அதற்குப் பிறகு. புதுப் பையன்கள் கேட்பதில்லை, நான் விடுவதும் இல்லை.

பள்ளத்தூர்ப் பெண்:

எனக்கு ஒற்றைத் தலைவலி. தூக்கம் கெட்டாலோ ஒரு வேளை சாப்பாடு தப்பினாலோ வெயிலில் நின்றாலோ வந்துவிடும், ஊர்ப் பயணத்தில் மூன்றும் ஒன்றாக நடக்கும். நகரத்தார் வீடுகளில் கும்பிடும் பிள்ளையார் நோன்புக்கு எல்லோரும் கூடும்போது முகப்பில் பாய் விரித்து விடிய விடியப் பேச்சு ஓடும். எனக்கும் அதுதான் பிடிக்கும், அதனால் எழுந்துபோவது கஷ்டமாக இருக்கும். ஆயாவிடம் ஒரு தடவை விவரமாகச் சொன்னேன், சோம்பல் இல்லை ஆயா, தலைக்குள் ஒரு பக்கம் இடிக்கிறது, வெளிச்சமே பார்க்க முடியாது என்று. ஆயா ஒன்றும் பேசாமல் இடுப்புச் சாவியை எடுத்து வளவில் ஓர் அறையைத் திறந்துவிட்டார். அந்தக் காலச் சுண்ணாம்புச் சுவர், ஆத்தங்குடிக் கல் தரை, கதவைச் சாத்தினால் பகலிலும் இருட்டும் குளிர்ச்சியும். மாத்திரை போட்டு அங்கே படுத்தால் எனக்குச் சென்னை வீட்டைவிடச் சீக்கிரம் விடுகிறது. பத்து மணியானால் இப்போது ஆயாவே, "நீ போய்ப் படு, மிச்சக் கதையைக் காலையில சொல்றேன்" என்று அனுப்பிவிடுகிறார். மாத்திரையை மட்டும் எப்போதும் கைப்பையில் வைத்துக்கொள்கிறேன், பெட்டியில் வைப்பதில்லை.

தேவகோட்டைப் பேத்தி:

எல்லோருக்கும் நன்றி. அண்ணே, என் தம்பிக்கும் சர்க்கரை, வருகிற தைக்கு உங்களோடு நடக்க வேண்டும் என்கிறான். இன்சுலினுக்குச் சாமான் வண்டியில் ஐஸ் பெட்டி உண்டா?

குன்றக்குடி நடைக்காரர்:

உண்டு அக்கா, ஆனால் ஐஸ்மேல் நேராக வைக்கக் கூடாது, துண்டில் சுற்றி டப்பாவில் போட்டுத் தரச் சொல்லுங்கள், மேலே பெயர் எழுதி. அன்றன்றைக்கு வேண்டிய பேனா அவரிடமே இருக்கட்டும், தை மாதக் குளிருக்கு ஒன்றும் ஆகாது. கிளம்பும் முன் டாக்டரிடம் பாதத்தில் உணர்ச்சி எப்படி இருக்கிறது என்று சோதித்துவிட்டு வரட்டும், நடக்கும் நாளுக்கு மருந்தின் அளவைக் குறைக்க வேண்டுமா என்றும் கேட்கட்டும், நிறைய நடந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கும். செருப்பு புதிதாக வாங்க வேண்டாம், பழகினதே போதும். ஜோடியாக நான் இருக்கிறேன்.