புதுப்பிப்பு: பீட்டர்மாரிட்ஸ்பர்க் புல் தீ, எது உதவியது

போன குளிர்காலத்தில், தென்னாப்பிரிக்காவில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகரில் எங்கள் வேலியை ஒட்டிப் பிடித்த புல் தீ பக்கத்துக் குடிசைகள் வரை போனது. இந்த வருஷம் பெர்க் காற்று (மலைப்பக்கமிருந்து இறங்கும் வறண்ட சூடான காற்று) கிளம்புமுன் என்ன செய்யலாம், அந்த மக்களுக்கு என்ன கொடுக்கலாம் என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

கைகொடுத்தது "முதலில் கூரையைப் பாருங்க" என்ற யோசனைதான். கூரையோரத் தண்ணீர்த் தகரத்தில் அடைந்திருந்த யூகலிப்டஸ் சருகை வழித்துப் போட்டோம். கூரைக் காற்றுத் துளைகளுக்கு மெல்லிய கம்பி வலை அடித்தோம். ஆகஸ்டில், எங்கள் ஊரில் அது குளிர்காலம், மறுபடி தீ. ஜுவாலை வேலிப்பக்கம் வரவேயில்லை, பொறிதான் பறந்து வந்தது. மறுநாள் பார்த்தால் வலையில் கருகிய புல் துணுக்குகள்!

தீத்தடுப்புப் பட்டை (தீ தாண்டாதபடி புல்லை முன்கூட்டியே அகற்றிய நிலப்பட்டை) அமைப்பது நில உரிமையாளரின் கடமை என்று ஒருவர் சொன்னதும் சரி. புல்வெளி, காட்டுத் தீ பற்றிய தென்னாப்பிரிக்காவின் 1998ஆம் ஆண்டு 101ஆம் எண் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. நாமாகக் கொளுத்தக் கூடாது. அக்கம்பக்கம் சொல்லிவிட்டு, வட்டாரத் தீப்பாதுகாப்புச் சங்கத்தோடு, தீ அபாயக் குறியீடு குறைவான ஒரு காலையில் அந்தப் பட்டையை எரித்தோம். வெட்டிய வாட்டில் (ஒருவகை வேல மரம்) கிளைகளை அப்புறப்படுத்திவிடுங்கள், காய்ந்தால் அதுவே விறகு.

எதிர்பாராத விஷயம் ஒன்று. பழைய துணி மூட்டை மூட்டையாகக் குவிந்தது, சீந்துவாரில்லை. குடிசை மக்கள் கேட்டது கூரைத் தகரம், பள்ளிச் சீருடை, அடுப்பு. அடையாள அட்டை எரிந்தவர்களுக்கு அரசு உதவித்தொகை வாங்குவதே சிக்கலாகிவிட்டது. கோயில் வேன் அதிகம் ஓடியது, அடையாள அட்டை தரும் உள்துறை அலுவலகத்துக்குத்தான்.