சிபாப் கருவி காட்டும் ஏ.எச்.ஐ. எண்ணை எப்படிப் புரிந்துகொள்வது?

கேள்வி:
வணக்கம். உறக்கப் பரிசோதனையில் ஏ.எச்.ஐ. (உறக்கத்தில் மூச்சுத் தடைபடும் அளவைக் காட்டும் எண்) 38 என்று வந்ததால், 62 வயதான என் தந்தை மூன்று வாரங்களாக, மூச்சுப்பாதை அடைபடாமலிருக்க மாஸ்க் வழியே காற்றழுத்தம் தரும் சிபாப் கருவி பயன்படுத்துகிறார். தொடக்கத்தில் 4 காட்டிய கருவி, சில இரவுகளாக 11 காட்டுகிறது. அதில் 7, மூச்சுப்பாதை திறந்திருக்கும்போதே மூச்சு நின்ற வகையாம். பகலில் அவர் தெளிவாகவே இருக்கிறார். ஆனால் அந்த எண்ணைப் பார்த்துவிட்டுப் படுக்கவே அஞ்சுகிறார். அழுத்தத்தை நாங்களே கூட்டலாமா?

பதில் 1:
தயவுசெய்து கூட்டாதீர்கள். ஏ.எச்.ஐ. என்பது ஒரு மணி நேரத்துக்குச் சராசரியாக எத்தனை முறை மூச்சு நின்றது அல்லது குறைந்தது என்னும் கணக்கு. காற்றோட்டம் 90 விழுக்காடோ அதற்கு மேலோ குறைந்து 10 விநாடியாவது நீடித்தால் அது மூச்சு நிற்றல். அதே நேரத்துக்கு 30 விழுக்காடாவது குறைந்து, கூடவே இரத்த ஆக்சிஜன் சரிந்தாலோ உறக்கம் கலைந்தாலோ அது மூச்சுக் குறைவு. பரிசோதனைக் கூடத்தில் மூளை அலைகளையும் ஆக்சிஜனையும் சேர்த்துப் பார்த்து எண்ணுகிறார்கள். வீட்டுக் கருவியோ பெரும்பாலும் காற்றோட்டத்தை மட்டுமே கொண்டு கணிக்கிறது. மாஸ்க் அணிந்து விழித்துக் கிடக்கும் நேரமும் அதன் கணக்கில் சேரும் என்பதால், புரண்டு படுக்கும்போது மூச்சை அடக்குவதுகூட நிகழ்வாகப் பதிவாகலாம். ஆகவே 38, 11 இரண்டையும் ஒரே தராசில் வைக்க இயலாது. மாஸ்க்கிலிருந்து காற்றுக் கசிவு எவ்வளவு?

கேட்டவர்:
நிமிடத்துக்கு 40 லிட்டர் வரை போகிறது, ஐயா. வாயைத் திறந்தபடி உறங்குகிறார்.

பதில் 2:
அப்படியானால் முதலில் கசிவைச் சரிசெய்யுங்கள். என் கருவியில் 24 லிட்டரைத் தாண்டினாலே மிகுகசிவு என்று காட்டும். அந்நிலையில் நிகழ்வுகளின் எண்ணிக்கையை நம்ப முடியாது. வாயையும் மூடும் முழு மாஸ்க் பொருந்துமா என்று கேட்டுப் பாருங்கள்.

அந்த 7 நிகழ்வுகளைப் பற்றி: மூச்சு நின்றதும் சில கருவிகள் மெல்லிய அழுத்த அதிர்வை அனுப்பி, பாதை அடைபட்டிருக்கிறதா என்று சோதிக்கின்றன. பாதை திறந்திருந்தும் மூச்சு வரவில்லையென்றால், மூச்சுவிடும்படி மூளையிலிருந்து ஆணை வரவில்லை என்று பொருளாகலாம். சிகிச்சை தொடங்கிய சிலருக்கு இது தோன்றி, பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ தணிந்துவிடுகிறது. அழுத்தத்தைக் கூட்டினால் இது அதிகரிக்கவும் கூடும். எனக்கும் முதல் மாதத்தில் இப்படி இருந்தது, அந்த அச்சம் எனக்குத் தெரியும். தந்தையாரிடம் ஓர் இரவின் எண்ணைக் காட்டாமல், வாரச் சராசரியை மட்டும் காட்டுங்கள். கசிவு அடங்கிய பிறகும் சராசரி 5-க்குக் கீழே இறங்காவிட்டால், கருவியின் நினைவக அட்டையுடன் மருத்துவரைப் பாருங்கள். இதயச் செயலிழப்பு இருந்தாலோ, வலிக்காக ஓபியாய்டு (மார்ஃபின் போன்ற) மருந்து எடுத்துக்கொண்டாலோ அதுவரை காத்திருக்க வேண்டாம், உடனே செல்லுங்கள்.