தண்ணீர் எப்போது வரும் என்று தேடினேன், 2024 வந்தது

அல்சூர்க்காரன் (காலை 7:12)

மூன்று நாளாக எங்கள் மர்ஃபி டவுன் பக்கம் காவிரித் தண்ணீர் இல்லை. காலைக் காபியே கேன் தண்ணீரில்தான். எப்போது வரும் என்று பார்ப்போமே என்று போனை எடுத்து "பெங்களூர் தண்ணீர் நிறுத்தம் இன்று" என்று தமிழில் தட்டினேன். முதலில் வந்த செய்தியில் இன்றைய தேதி. ஆவலாகத் திறந்தால், கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதமாம், துணை முதல்வர் வீட்டு போர்வெல்லே வற்றிவிட்டதாம். ஐயா, இது 2024 மார்ச் மாதக் கதை! தேதியை மட்டும் துடைத்துப் புதிதாகப் போட்டிருக்கிறார்கள்.

அதைக்கூட மன்னிக்கலாம். அதற்கு மேலே இயந்திரமே எழுதிய பதில் ஒன்று உட்கார்ந்திருந்தது. அந்தப் பழைய செய்தியையும் வேறு ஏதோ குழாய்ப் பராமரிப்பு அறிவிப்பையும் பிசைந்து, "நாளை காலை 6 மணிக்குள் சீராகும்" என்று கணீரென்று சொன்னது. எந்தத் தேதிக்கு நாளை?

முன்பெல்லாம் தேடினால் ஒரு வீட்டு வாசலில் கொண்டுபோய் விடும், உள்ளே போய் நாமே கேட்டுக்கொள்வோம். இப்போது ஆர்டிஓ ஆபீஸ் வாசல் புரோக்கர் மாதிரி, "உள்ள போகாதீங்க சார், என்ன வேணும்னு என்கிட்ட சொல்லுங்க" என்கிறது. 20 வருடமாகத் தேடுகிறவன் சொல்கிறேன், தேடல் செத்துவிட்டது. மறுப்பவர்கள் வரலாம்.

மாரத்தஹள்ளி பாலம் (காலை 7:40)

வந்துவிட்டேன் அண்ணா. இணையதளங்களைத் தேடலில் மேலே கொண்டுவருவதுதான் ஒன்பது வருடமாக எனக்குச் சோறு போடும் வேலை. அதனால் கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறேன்.

தேதியை மாற்றியது தேடுபொறியா, செய்தித்தளமா? தளம்தான். பழைய கட்டுரையில் நாலு வார்த்தையை மாற்றி மறுபடி வெளியிட்டால் புதுசு என்று எடுத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை. பல நேரம் அது பலிக்கவும் செய்கிறது. தமிழ்த் தளங்களில் இன்னொரு வியாதி வேறு. "ஆதார் இணைக்கக் கடைசி தேதி எப்போது? முழு விவரம் இதோ" என்று தலைப்பு. உள்ளே ஆதார் என்றால் என்ன, ஏன் முக்கியம் என்று எட்டுப் பத்தி. ஒன்பதாவது பத்தியில் "தேதி விரைவில் அறிவிக்கப்படும்". இதையெல்லாம் தாண்டி அந்த இயந்திரம் இரண்டு வரியில் பதில் சொன்னால் ஜனங்கள் அதைத்தான் படிப்பார்கள்.

அப்புறம், மர்ஃபி டவுன் என்று நீங்கள் தட்டவே இல்லையே.

சில்க்போர்டு சிக்னல் (காலை 7:44)

குரு, மர்ஃபி டவுன் என்று தட்டியிருந்தால் மர்ஃபி யார் என்று வாழ்க்கை வரலாறு வந்திருக்கும்.

காக்ஸ்டவுன் அக்கா (காலை 8:05)

என் மாமியாருக்கு 74 வயது. படிக்கத் தெரியாது, பேசுவார். நம்மூர் தமிழில் குழாய்க்கு நல்லி என்போம் இல்லையா? இரண்டு வருடம் முன்பு குரல் தேடலில் "நல்லில தண்ணி வரல" என்றார். வந்தது என்ன தெரியுமா? நல்லி எலும்பு சூப் செய்முறை. சுத்த சைவம் அவர். அன்றோடு போனைத் தூர வைத்தவர்.

போன மாதம் என் பையன் உரையாடும் செயலி ஒன்றைப் போட்டுக் கொடுத்தான். அதே வாக்கியத்தைச் சொன்னார். "எந்த ஏரியா அம்மா? குடிநீர் வாரியத்தின் 1916-க்குக் கூப்பிட்டுப் புகார் சொல்லலாம்" என்று பதில் வந்தது. கூப்பிட்டார், பேசினார். பேரனைக் கெஞ்சாமல் ஒரு காரியம் நடந்ததில் அவருக்கு எவ்வளவு சந்தோஷம் என்று நான் பார்த்தேன். உங்களுக்கு வாசல் வாசலாகப் போக ஆசை. அவருக்கு ஒரு வாசல்கூடத் திறக்கவில்லை இத்தனை நாளாக. அதையும் யோசித்துப் பேசுங்கள் அண்ணா.

அல்சூர்க்காரன் (காலை 8:21)

அக்கா, அம்மா விஷயத்தில் வாய் திறக்க மாட்டேன். ஆனால் 1916 சரியாக அமைந்தது அதிர்ஷ்டம். அமையாவிட்டால்? எங்கள் தெருவில் ஒருவர் தன் வங்கியின் வாடிக்கையாளர் சேவை எண்ணைத் தேடி, முதலில் வந்ததைக் கூப்பிட்டார். எடுத்தவன் திருடன். ஓடிபி சொன்னார், 18,000 போயிற்று. இணையக் குற்றப் புகார் எண் 1930-க்குப் புகார் கொடுத்துவிட்டு இன்னும் காத்திருக்கிறார். பத்து விடை வரிசையாக வரும்போது ஒன்றோடு ஒன்றை ஒத்துப் பார்க்கும் புத்தி நமக்கு இருந்தது. ஒரே விடையாகக் கொடுத்து அந்தப் புத்தியை மழுங்கடித்துவிட்டார்கள்.

2021 ஜூன் மறந்துவிட்டதா? "இந்தியாவிலேயே அசிங்கமான மொழி எது" என்று எவனோ கேட்டான், கூகுள் பெட்டி கட்டி "கன்னடம்" என்று காட்டியது. எங்கள் தெருவில் கன்னடக்காரர்களுக்குச் சமமாக நாங்களும் கொதித்தோம். பக்கத்து வீட்டு மொழியைச் சொன்னால் நமக்கும் சுடும்தானே. கர்நாடக அரசு வழக்குப் போடுவோம் என்றது, கூகுள் மன்னிப்புக் கேட்டது. அப்போது இந்த ஏஐ எதுவும் கிடையாது. எங்கோ ஒரு தளத்தில் கிடந்த வரியைத் தூக்கி "இதுதான் விடை" என்று வைத்த பெட்டிதான் அது. கேள்வியே அபத்தம் என்று சொல்லத் தெரியாதவனிடம் பெட்டியைக் கொடுத்தது யார் குற்றம்?

மாரத்தஹள்ளி பாலம் (காலை 8:50)

சீக்கிரமே எடுத்துவிட்டார்களே. மனிதர் எழுதிய புத்தகத்தில் அப்படி ஒரு வரி இருந்தால் அடுத்த பதிப்பு வரை காத்திருக்க வேண்டும்.

அல்சூர்க்காரன் (காலை 8:53)

அது போன பிறகு வேறு வரவில்லையா? 2024 மே மாதம் அமெரிக்காவில் இந்த ஏஐ பதிலைத் திறந்துவிட்டதும், பீட்சாவில் சீஸ் ஒட்டப் பசை போடு என்றதே. வருடங்களுக்கு முன் எவனோ கிண்டலுக்கு எழுதியதை உண்மை என்று எடுத்துக்கொண்டது. அதே வருடம் ஆகஸ்டில் நம் நாட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார்கள்.

சில்க்போர்டு சிக்னல் (காலை 9:02)

யார் என்ன சொன்னாலும், எந்தச் சொல்லை எப்போது அதிகம் தேடுகிறார்கள் என்று காட்டும் கூகுள் ட்ரெண்ட்ஸில் "வாட்டர் டேங்கர்" போட்டுப் பாருங்கள். கோடு நெட்டுக்குத்தாக ஏறி 100-இல் நிற்கிறது. ஊர் முழுக்க இதையேதான் தேடுகிறது!

பழைய எழுத்துரு (காலை 9:30)

சிக்னல் தம்பி, அந்த 100 ஆள் கணக்கும் இல்லை, சதவீதமும் இல்லை. நீ எடுத்துக்கொண்ட இடத்திலும் காலத்திலும் அந்தச் சொல்லை எப்போது அதிகம் தேடினார்களோ, அந்த உச்சிக்கு 100 என்று பெயர். மற்ற நாளெல்லாம் அதற்கு ஒப்பாக அளந்தது. எப்போதும் கொஞ்சம் பேரே தேடும் சொல்லாக இருந்தாலும் அதன் உச்சிக்கும் 100-தான். தேடலை வைத்து ஊர் நாடி பிடிக்கப் போய்ப் பெரியவர்களே சறுக்கியிருக்கிறார்கள். 2008-இல் காய்ச்சல் பரவுவதைத் தேடல் சொற்களை வைத்தே கணிக்கிறோம் என்று கூகுள் ஒன்று தொடங்கியது. 2012-13 குளிர்காலத்தில் எக்கச்சக்கமாக மிகைத்துச் சொல்லிவிட்டு, 2015-இல் கடையை மூடியது. செய்தியில் காய்ச்சல் என்று வந்தாலே ஜனம் தேடும், காய்ச்சல் இருக்க வேண்டும் என்பதில்லை.

அல்சூர்க்காரருக்கு: முன்பெல்லாம் நன்றாக இருந்தது என்கிறீர்களே, எந்த முன்பு? 2000-இல் எந்தத் தமிழ் நாளிதழைத் தேட முடிந்தது? ஆளுக்கொரு எழுத்துரு. திஸ்கி என்ற எழுத்துக் குறியீட்டு முறை ஒரு பக்கம், 1999 சென்னை மாநாட்டில் முடிவான டாப், டாம் என்ற முறைகள் ஒரு பக்கம், இது எதிலும் சேராத பத்திரிகைகளின் சொந்த எழுத்துரு இன்னொரு பக்கம். எழுத்துருவை இறக்கினால் நம் கண்ணுக்குத் தமிழ், தேடுபொறிக்கு அது லத்தீன் குப்பை. எல்லா மொழிக்கும் பொதுவான யுனிகோடு குறியீட்டில் 1991-லேயே தமிழுக்கு இடம் இருந்தது, விண்டோஸ் 2000-இல் வேலையும் செய்தது. நாம்தான் வீட்டுக்கொரு பூட்டு போட்டு உட்கார்ந்திருந்தோம்.

நீங்கள் ஏங்குவது 2004-க்குப் பின் வந்த சில வருடங்களுக்கு. வலைப்பதிவுக் காலம். காசு கிடையாது. திருநெல்வேலியில் ஒருவர் சொதி வைத்ததை எழுதுவார், தேடினால் நேரே அவர் அடுப்படிக்கே போய்விடலாம்.

மாரத்தஹள்ளி பாலம் (காலை 9:48)

அந்தக் "காசு கிடையாது"தான் அவர்கள் நிறுத்தியதற்கும் காரணம் சார். கூகுள் விளம்பரத் திட்டத்தில் தமிழைச் சேர்த்ததே 2018 பிப்ரவரியில்தான்.

பழைய எழுத்துரு (காலை 9:55)

சேர்த்தார்கள். அதன் பிறகு வந்ததுதான் உங்கள் எட்டுப் பத்தி ஆதார் கட்டுரை.

மாரத்தஹள்ளி பாலம் (காலை 10:10)

ஒப்புக்கொள்கிறேன், ஆனால் பாதிதான். பசித்தவன் எழுதினால் மோசமாகத்தான் எழுதுவான் என்று முடிவு கட்டாதீர்கள். இன்னொரு பக்கம் பாருங்கள். தேடுபவர் பக்கத்துக்குள் வராமல் மேலேயே பதில் படித்துப் போய்விட்டால், ஒழுங்காக எழுதும் நாலு பேருக்கும் வரும்படி போகும். எங்கள் ஆபீசில் இது தினம் பேசும் பேச்சு. அந்தப் பதில் எதை வைத்துச் சமைக்கப்படுகிறதோ அந்தச் சரக்கே நாளைக்கு இருக்காது. இந்த இடத்தில் அல்சூர் அண்ணா பக்கம்தான் நான்.

ஆனால் செத்துவிட்டது என்பது அதிகம். விடைகளின் மேலே "வெப்" என்று ஒரு பிரிவு இருக்கும், சில நேரம் "மேலும்" என்பதற்குள் ஒளிந்திருக்கும். அதைத் தொட்டால் ஏஐ பதில், பெட்டி எல்லாம் போய் வெறும் சுட்டிகள் மட்டும் வரும். உங்கள் பழைய வாசல்கள். பேட்டை பெயரையும் சேர்த்துத் தட்டிப் பாருங்கள்.

காக்ஸ்டவுன் அக்கா (காலை 10:22)

இத்தனை குறை சொல்பவர்கள் வேறு தேடுபொறிக்கு மாறலாமே?

அல்சூர்க்காரன் (காலை 10:31)

போனை வாங்கும்போதே உள்ளே உட்கார்ந்திருப்பதை யார் அக்கா மாற்றுகிறார்கள்? ஆப்பிள் போனில் தானாக வரும் தேடலாக இருக்க கூகுள்காரர்கள் 2022-இல் மட்டும் 2,000 கோடி டாலர் கொடுத்திருக்கிறார்கள், அமெரிக்க வழக்கில் வெளியே வந்த கணக்கு. 2024 ஆகஸ்டில் அந்த நீதிமன்றமே இது சட்டவிரோத ஏகபோகம் என்றது. நம் போட்டி ஆணையமும் ஆண்ட்ராய்டு விஷயத்தில் 2022-இல் 1,337 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது.

சரி பாலம், நீங்கள் சொன்ன "வெப்" பார்த்தேன். பழைய குப்பை பாதி போய்விட்டது, உண்மை. ஆனால் எங்கள் பேட்டை அறிவிப்பு அதிலும் இல்லை.

பழைய எழுத்துரு (காலை 10:50)

இருக்காது. அறிவிப்பு இங்கே எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் கிடக்கிறது. தாளில் அச்சடித்து, முத்திரை குத்தி, ஒருவர் போனில் சாய்வாகப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். ஓரத்தில் அவர் கட்டைவிரல்கூட விழுந்திருக்கிறது. "நீரு சரபராஜு", அதாவது நீர் வழங்கல், என்று தொடங்கும் கன்னடம். அதில் உங்கள் பேட்டை பெயர் நாலாவது வரியில் இருக்கிறது: இன்று மதியம் 3 மணிக்குப் பிறகு.

குழுவுக்குள் கிடக்கும் படத்தை எந்தத் தேடுபொறி போய்ப் படிக்கும்? அன்றைக்கு எழுத்துருவில் பூட்டினோம். இப்போது படமாக்கிக் குழுவுக்குள் பூட்டுகிறோம். வெளியே திறந்து கிடப்பது 2024 செய்தி ஒன்றுதான். பாவம், தேடுபொறியும் இருப்பதைத்தானே எடுத்துத் தரும்.

மாரத்தஹள்ளி பாலம் (காலை 10:58)

இதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். ஆனாலும் தெரியாத விஷயத்துக்கு "6 மணிக்குள்" என்று நேரம் குறித்துக் கொடுத்தது தப்புதான்.

அல்சூர்க்காரன் (காலை 11:03)

காலையில் இருந்து அதைத்தானே கத்துகிறேன்! எழுத்துரு ஐயா, அந்தப் படத்தைக் கொஞ்சம் எனக்கும் அனுப்புங்கள்.

சில்க்போர்டு சிக்னல் (மாலை 4:15)

அண்ணா, தண்ணீர் வந்ததா?

அல்சூர்க்காரன் (மாலை 4:40)

மூன்றே முக்காலுக்கு வந்தது, முதல் பத்து நிமிடம் செம்மண் கலர். இப்போது தெளிந்திருக்கிறது. மோட்டார் ஓடுகிறது, டேங்க் நிரம்பியதும் வந்து பாலத்துக்குப் பதில் எழுதுகிறேன்.