ரீமேப்: விசைமாற்றமா, மடைமாற்றமா?

திருவாரூரிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். பாலிடெக்னிக் மாணவர்களுக்கான ஆய்வகக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். ஒரே ஒரு சொல்லுக்காக நிற்கிறது. மடிக்கணினியின் மேல்வரிசையில், எஃப்1 முதல் எஃப்12 வரையுள்ள விசைகளிலேயே ஒலி, வெளிச்சம், பாட்டை நிறுத்துவது எல்லாம் இருக்கின்றன. பாட்டு விசையை வகுப்பில் யாரும் தொடுவதில்லை. அதை அழுத்தினால் தமிழ்99 என்ற தமிழ்த் தட்டச்சு முறைக்கு மாறும்படி அமைக்கக் கற்றுத் தருகிறேன். அதற்கான மென்பொருள் விண்டோஸில் பவர்டாய்ஸ், லினக்ஸில் கீடி. விசையின் வேலையை இப்படி மாற்றியமைக்கும் ரீமேப் வேலைக்கு 'விசைமாற்றம்' என்று எழுதியிருக்கிறேன். மனம் ஒப்பவில்லை.

கும்பகோணத்திலிருந்து:

வேண்டாம் ஐயா. உடைந்த விசையைக் கழற்றிப் புதியது போடுவதும் விசைமாற்றம்தான். தவிர, பழந்தமிழில் மாற்றம் என்றால் சொல், செய்தி. குறள் 689-இல் வரும் 'விடுமாற்றம்' அரசன் சொல்லியனுப்பிய செய்தி. அப்படிப் பார்த்தால் விசை கணினிக்கு அனுப்பும் குறியெண்ணுக்கே 'விசைமாற்றம்' அழகாகப் பொருந்தும். இந்த வேலைக்குப் பொருந்தாது. நன்னூல் 154 விகாரத்தை, அதாவது சொற்கள் சேரும்போது எழுத்தில் வரும் மாறுதலை, தோன்றல், திரிதல், கெடுதல் என்று மூன்றாக்குகிறது. சும்மா கிடந்த விசைக்கு வேலை கொடுப்பது தோன்றல். ஒன்றை இன்னொன்றாக்குவது திரிதல். கேப்ஸ்லாக்கைச் செயலிழக்கச் செய்வது கெடுதல். மூன்றும் அப்படியே இருக்கின்றன, பாருங்கள்! 'விசைத்திரிபு' என் பரிந்துரை.

மன்னார்குடியிலிருந்து:

அம்மா, பால் திரிந்தது என்று கேட்டு வளர்ந்த பிள்ளைகள். விசைத்திரிபு என்றால் விசைப்பலகை பழுது என்றுதான் நினைப்பார்கள். 'ரீமேப்' என்றே விடுங்கள். மென்பொருள் திரையில் அதுதானே இருக்கிறது?

திருவையாற்றிலிருந்து:

திரையில் இருப்பதையே எழுதுவதானால் கையேடு எதற்கு? நம் வயல்காட்டிலேயே சொல் கிடக்கிறது: மடைமாற்றம். வயலுக்குத் தண்ணீர் பாயும் ஒரு வாமடையை அடைத்து இன்னொன்றை வெட்டிவிட்டால் வாய்க்கால் மாறுவதில்லை, தண்ணீரும் மாறுவதில்லை, பாயும் வயல்தான் மாறுகிறது. விசையும் அப்படித்தான். பலகையில் அது இருந்த இடத்திலேயே இருக்கிறது, அழுத்தினால் பலன் வேறு பக்கம் போகிறது.

இன்னொன்றும் இதனால் விளங்கும். மேல்வரிசை விசையோடு சேர்த்து அழுத்தினால் அதன் இன்னொரு வேலையைத் தரும் எஃப்என் விசையை ஏன் மாற்ற முடியவில்லை என்று பிள்ளைகள் கேட்பார்கள். பல மடிக்கணினிகளில் அதைப் பலகையை ஆளும் சில்லே கவனித்துக்கொள்கிறது. இயங்குதளத்துக்கு எஃப்என் அழுத்தப்பட்டது தெரியாது, முடிவில் வந்த குறியெண் மட்டும்தான் தெரியும். கல்லணையில் காவிரி, வெண்ணாறு, புது ஆறு என்கிற கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று தண்ணீர் பிரிந்த பிறகு, வெண்ணாற்றுக்காரர் தன் வயலில் மண்வெட்டியோடு நின்று புது ஆற்றுத் தண்ணீரைத் திருப்ப முடியுமா? எஃப்என் அமைப்பு தண்ணீர் பிரியும் இடத்துத் தலைமதகு, பவர்டாய்ஸ் வயலோரத்து வாமடை. ஆகவே மேல்வரிசை முதலில் எஃப் எண்ணைத் தர வேண்டுமா, ஒலி வெளிச்சத்தைத் தர வேண்டுமா என்பதைப் பல கணினிகளில், இயங்குதளத்துக்கு முன்பே ஓடும் பயாஸ் அமைப்பில்தான் முடிவுசெய்ய வேண்டும். இந்த வேறுபாட்டைச் சொல்லும் சொல் வேறு எது?

மன்னார்குடியிலிருந்து:

விளக்கம் நன்றாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் செய்தித்தாளில் 'நிதி மடைமாற்றம்' என்றால் பணத்தைத் தவறாகத் திருப்பியது. மாணவன் காதில் அந்த வாடைதான் அடிக்கும்.

கும்பகோணத்திலிருந்து:

அது சொல்லின் குற்றமல்ல. இருந்தாலும் திரிபை நான் விடவில்லை. பால் திரிந்ததை வைத்து நன்னூலைத் தள்ளலாமா?

திருவாரூரிலிருந்து:

நாளை காலை அச்சகம். விசைமாற்றத்துக்கே மூன்று பேர் தனிமடலில் சரி சொல்லியிருக்கிறார்கள், அதுவும் 'போதும், அச்சுக்குக் கொடுங்கள்' என்ற தொனியில். தலைப்பில் 'விசைமாற்றம்' போடுகிறேன். எஃப்என் பகுதியில் தலைமதகு, வாமடை விளக்கத்தை அப்படியே சேர்க்கிறேன், ஐயா அனுமதித்தால்.

திருவையாற்றிலிருந்து:

தாராளமாகச் சேருங்கள். ஆனால் விளக்கம் முழுக்க மடையாக இருக்க, தலைப்பில் மட்டும் ஏன் விசைமாற்றம் தம்பி? அடுத்த பதிப்பு வரும்போது மறுபடி கேட்பேன்.